மூக்கக்காவுக்குப் போட்ட சாக்லேட் காபி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே சுகமாக இருக்கிறோம், நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு, தெம்பாக இருப்பாய் என்று நம்புகிறேன். சுகம் என்ற சொல்லை இந்தத் தடவை முழு மனதோடு எழுதுகிறேன் மகளே. போன இரண்டு கடிதங்களிலும் அதே சொல்லைத்தான் எழுதினேன், அது முக்கால்வாசி பொய். கோபப்படாதே, கடைசி வரைக்கும் படித்துவிட்டுக் கோபப்படு. போன வாரம் போனில் கேட்டாயே, தினமும் காலையில் கடையில் சாக்லேட் காபி வாங்கிக் குடித்தே சம்பளம் கரைகிறது, அதை வீட்டிலேயே சிக்கனமாகப் போட முடியுமா, அம்மாவிடம் கேட்டுச் சொல்லுங்கள் என்று. பக்கத்தில் இருந்த அம்மா, “என்கிட்ட எதுக்குக் கேக்குற, உங்கப்பாவக் கேளு, இந்த வீட்டுல அதுக்கு அவர்தான் மாஸ்டர்” என்றாள். நீ அதை வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தாய். வேடிக்கை இல்லை, உண்மை. முப்பது வருஷம் லேத் பட்டறையில் இரும்பு கடைந்தவன், அடுப்பு பற்றவைக்கக்கூடத் தெரியாதவன், காபி மாஸ்டர் ஆன கதையைச் சொல்வதென்றால் அம்மாவுக்கு நடந்ததையும் சொல்லித்தான் ஆகவேண்டும். போனில் சொன்னால் அவள் அழுவாள், நீயும் அழுவாய், என்னால் இரண்டு பேரையும் சமாளிக்க முடியாது. அதனால்தான் கடிதம். அவளிடம் அனுமதி வாங்கிக்கொண்டுதான் எழுதுகிறேன்.

ஏழு மாதம் முன்னால் அம்மாவுக்கு ஒரு காய்ச்சல் வந்ததே, சாதாரணச் சளிக்காய்ச்சல் என்று சொன்னேனே, அது ஒரு வாரத்தில் போய்விட்டது, போகும்போது அவளுடைய மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. மூக்கு இருக்கிறது, வாசம் இல்லை. முதலில் அவளே கண்டுகொள்ளவில்லை. ஒரு நாள் காலையில் நான் குளித்துக்கொண்டிருக்கிறேன், பால் பொங்கித் தீய்ந்து வீடே நாறுகிறது, ஈரத்தலையோடு ஓடிவந்து பார்த்தால் அவள் அடுப்புக்கு ஒரு முழம் தள்ளி நின்று, முதுகைக் காட்டிக்கொண்டு, நிதானமாக வெங்காயம் நறுக்குகிறாள். என்ன இது என்று கேட்டால், “எது?” என்கிறாள். அப்போதுதான் இரண்டு பேருக்கும் விளங்கியது. டாக்டரிடம் போனோம். அவர் நரம்பு சோர்ந்திருக்கிறது, திரும்ப வரலாம், எப்போது என்று சொல்ல முடியாது, தூக்கலான வாசனை உள்ள சாமான் நாலைத் தினமும் இரண்டு வேளை பொறுமையாக முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள் என்றார். வேறு மருந்து இல்லை.

உன் அம்மா வேலை என்னவென்று உனக்குத் தெரியும். பத்தொன்பது வருஷமாக பிஸ்கட் தொழிற்சாலையில் அடுப்பு வாயில் நிற்கிறவள். பிஸ்கட் வெந்துவிட்டதைக் கடிகாரம் சொல்வதற்கு முன்னால் அவள் மூக்கு சொல்லிவிடும், எடு என்றால் எடுப்பார்கள், இரு என்றால் இருப்பார்கள். மூக்கக்கா என்று பெயரே வைத்திருக்கிறார்கள். இதை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்தே மூன்று வாரம் ஓட்டினாள். நாலாவது வாரம் அடுப்பு ஒரு பக்கம் கூடுதலாகச் சூடேறி, ஒரு வண்டி நிறையத் தட்டுகள் கரியாகி வெளியே வந்தன. பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் முகத்தை மூடிக்கொள்கிறார்கள், இவள் மட்டும் சும்மா நிற்கிறாள். மேற்பார்வையாளர் அம்மா நல்ல மாதிரிதான், சத்தம் போடவில்லை, தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார், இவளும் மறைக்காமல் சொல்லிவிட்டாள். மறுநாளிலிருந்து அட்டைப்பெட்டிக்கு முத்திரை ஒட்டும் பிரிவு. சம்பளம் குறையவில்லை. ஆனால் அன்று வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து, “இனிமே நான் மூக்கக்கா இல்லங்க, கோந்தக்கா” என்று சொல்லிச் சிரித்தாள் பார், அந்தச் சிரிப்பை நான் பார்த்திருக்கவே வேண்டாம்.

அதற்குப் பிறகு சாப்பாடு பாதியாயிற்று. காகிதத்தை மெல்கிற மாதிரி இருக்கிறது என்பாள். சட்டை எல்லாம் தோளில் தொங்க ஆரம்பித்தது, நீ வீடியோவில் கூப்பிட்டால் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்காருவாள், குளிர் என்று உன்னிடம் சொல்வாள். எங்கள் கல்யாணம் ஆன நாளிலிருந்து சனிக்கிழமை சாயங்காலம் கடைத்தெரு முனையில் இருக்கும் காபிக்கடைக்குப் போய் ஆளுக்கு ஒரு சாக்லேட் காபி குடிப்பது உனக்குத் தெரியும், உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டும் போயிருக்கிறாள். ஒரு சனிக்கிழமை அந்தக் கோப்பையை இரண்டு வாய் குடித்துவிட்டு என் பக்கம் நகர்த்தினாள். “எனக்குச் சூடு மட்டும்தாங்க தெரியுது. சூட்டுக்கு எதுக்கு இவ்வளவு காசு, வீட்டுல வெந்நீர் இருக்கு” என்றாள். அடுத்த சனிக்கிழமை கூப்பிட்டேன், வரவில்லை. அதற்கடுத்த வாரம் நான் கூப்பிடவில்லை. அப்போதுதான் முடிவு பண்ணினேன். அவள் கடைக்கு வராவிட்டால் கடை வீட்டுக்கு வரட்டும், வாசம் காட்ட டாக்டர் கேட்ட சாமானில் இரண்டு, காபியும் கோகோவும், அதிலேயே இருக்கிறதே.

முதல் நாள் பாலைக் கொதிக்கவைத்து கோகோவை அப்படியே தலையில் கொட்டினேன். சரளைக்கல் மாதிரி உருண்டை உருண்டையாக மிதந்தது. கரண்டியால் நசுக்கினால் உள்ளே காய்ந்த பொடி. இரண்டாம் நாளும் அதே கதை. மூன்றாம் நாள் வெட்கத்தை விட்டுக் காபிக்கடைக்காரரிடமே போய்க் கேட்டுவிட்டேன், உங்கள் வியாபாரத்துக்குத்தான் உலை வைக்கிறேன், ஆனாலும் சொல்லுங்கள் என்று. மனிதர் பெரிய மனசு. “அக்காவுக்குத்தானே, இதெல்லாம் ஒரு ரகசியமாண்ணே? பொடியும் சர்க்கரையும் முதல்ல காய்ஞ்ச பாத்திரத்துல சேரணும். அப்புறம் கொஞ்சூண்டு வெந்நீர் விட்டுக் குழைச்சு, சின்னத் தீயில காட்டுங்க. மினுமினுன்னு வரும். அதுக்கப்புறம்தான் பாலுக்கு வேலை” என்றார். பளபளவென்று அலங்கார டப்பாவில் விற்கிற சாக்லேட் பொடியை வாங்கவேண்டாம், அதில் முக்கால் பங்கு சர்க்கரைதான், கேக் செய்கிறவர்கள் சாமான் வாங்கும் கடையில் இனிப்பில்லாத கோகோ சாதாரணப் பொட்டலத்தில் கிடைக்கும், அதை வாங்குங்கள் என்றும் அவர்தான் சொன்னார்.

காபி நன்றாக வர ஆரம்பித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. பட்டறைப் புத்தி விடுமா? தினமும் காலையில் அவள் கண்ணைத் துண்டால் கட்டி, காபி டப்பாவையும் கோகோ டப்பாவையும் மாற்றி மாற்றி மூக்குக்கு நேராக நீட்டி, இது எது, அது எது என்று பரீட்சை வைத்தேன். நாக்குக்குக் கசப்பும் இனிப்பும் உப்பும் தெரியும், அதனால் குடித்தால் கசப்பு தூக்கல், சர்க்கரை மட்டு என்று சொல்லிவிடுவாள். முகர்ந்தால் மட்டும் ஒன்றும் இல்லை. தப்பாகச் சொன்னால் நான் உச்சுக் கொட்டுவேன். நல்லது பண்ணுகிறோம் என்ற நினைப்பில் எத்தனை நாள் உச்சுக் கொட்டினேன் தெரியுமா? ஒரு நாள் துண்டை அவிழ்த்து எறிந்துவிட்டு, “தொழிற்சாலையில ஒரு தடவதான் தோத்தேன், உங்ககிட்ட தெனமும் தோக்குறேன்” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள், எழுந்து வேலைக்குப் போய்விட்டாள். எனக்குச் சுருக்கென்றது. இரும்பு அளவுக்கு வரவில்லை என்றால் திரும்பக் கடையலாம், மனுஷியை அப்படிக் கடைய முடியுமா?

மறுநாளிலிருந்து வாயைத் திறக்கவில்லை. காபியைப் போட்டு அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவேன். எப்படி இருக்கிறது என்றுகூடக் கேட்பதில்லை, உனக்குத் தெரியுமே, எனக்கு அது எவ்வளவு பெரிய தண்டனை என்று. அவளாகவே குடிப்பதற்கு முன்னால் கோப்பையை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு முகத்தை ஆவியில் வைத்துக்கொள்வாள். நான் பார்க்காத மாதிரி பேப்பர் படிப்பேன். இப்படியே மூன்று மாதம் ஓடியது. சில நாள் லேசாக என்னமோ வந்து போகிறது என்பாள், நான் உம் என்பதோடு சரி.

போன மாதம் எனக்குச் சளி பிடித்து மூக்கு இரண்டும் அடைத்துவிட்டது. அன்று காலையில் கோகோவை அடுப்பில் வைத்துவிட்டு, தண்ணீர் மோட்டாரில் ஏதோ சத்தம் கேட்கிறதே என்று அதைப் பிரித்துக்கொண்டிருந்தேன். அடுப்பை மறந்தே போனேன். அம்மா மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் படியில் தடதடவென்று இறங்கி வருகிறாள், “என்னங்க, தீயுது! கோகோ தீயுது!” என்று கத்திக்கொண்டே. நான் பதறிப்போய் எங்கே தீ என்று பார்க்கிறேன், எனக்கு ஒன்றும் தெரியவில்லை, என் மூக்குதான் அடைத்திருக்கிறதே. அவள் அடுப்பை அணைத்துவிட்டு, பாத்திரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அப்போதுதான் என்ன நடந்தது என்று அவளுக்கே உறைத்தது. கரிப்பிடித்த அந்தப் பாத்திரத்துக்குள் முகத்தை விட்டு இழுத்து இழுத்து முகர்ந்தாள் அம்மா, ஏதோ பூக்கூடை மாதிரி. மூக்கு நுனியெல்லாம் கரி. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்கும் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை. இரண்டு நாள் அந்தப் பாத்திரத்தை என்னைக் கழுவவிடவில்லை.

உடனே தொழிற்சாலைக்கு ஓடவில்லை அவள். இன்னும் கொஞ்ச நாள் பார்க்கிறேன் என்று சோப்பு, எலுமிச்சை, மண்ணெண்ணெய் என்று தானாகவே ஒவ்வொரு வாசமாகக் கண்டுபிடித்துக்கொண்டு வந்தாள். போன செவ்வாய்க்கிழமைதான் மேற்பார்வையாளர் அம்மாவிடம் போய், என்னை ஒரே ஒரு தடவை அடுப்பு வாயில் நிற்கவிடுங்கள் என்று கேட்டிருக்கிறாள். அந்த அம்மா கடிகாரத்தின் மேல் ஒரு துணியைத் தொங்கவிட்டுவிட்டு, நில்லுங்க என்றிருக்கிறார். அம்மா நின்றிருக்கிறாள், கண்ணை மூடிக்கொண்டு. ஒட்டுகிற பிரிவுப் பெண்கள் எல்லாம் வேலையை விட்டுவிட்டுக் கதவோரம் கூடிவிட்டார்களாம். திடீரென்று “இப்ப எடு” என்றிருக்கிறாள். அடுப்பு ஓட்டுகிறவர் தயங்கியிருக்கிறார், வழக்கமான நேரத்துக்கு இன்னும் இரண்டு நிமிஷம் இருக்கிறதே என்று. “எடுங்கறேன்ல!” என்று இவள் போட்ட சத்தத்தில் எடுத்துவிட்டார். மேற்பார்வையாளர் அம்மா நடுத்தட்டிலிருந்து ஒன்றை எடுத்து உடைத்துப் பார்த்தார், உள்ளேயும் வெளியேயும் ஒரே பொன்னிறம். இதையெல்லாம் வீட்டில் எனக்குத் தட்டையும் கரண்டியையும் வைத்து நடித்தே காட்டினாள். ஆனாலும் உன் அம்மா பொய் சொல்லத் தெரியாதவள், அங்கேயே சொல்லியிருக்கிறாள், “வெண்ணெய் வாசம் தெரியுது, கருகுறது நல்லாத் தெரியுது, வெனிலா மட்டும் இன்னும் வரல” என்று. அதற்கு அந்த அம்மா, “கருகுறது தெரிஞ்சா போதும்க்கா, வெனிலாவ நாங்க பாத்துக்குறோம்” என்றாராம். நேற்றிலிருந்து அடுப்பு வாயில்தான் வேலை.

இப்போது உன் காபிக்கு வருகிறேன், கவனமாகக் கேள். ஒரு கோப்பைக்கு இனிப்பில்லாத கோகோ ஒரு கரண்டி, சர்க்கரை ஒன்றரைக் கரண்டி, விரல் நுனியில் ஒட்டுகிற அளவு உப்பு. உப்பா என்று சிரிக்காதே, அது கசப்பின் கூர்மையை மழுக்கிவிடும், சர்க்கரையும் குறையும். இரண்டு மூன்று கரண்டி வெந்நீர் விட்டு உருண்டை இல்லாமல் குழைத்து, சின்னத் தீயில் கிண்டிக்கொண்டே இரு, மினுங்கியதும் இறக்கிவிடு. மோட்டார் பிரிக்கப் போகாதே. காபித்தூள் விலை கூடினது வேண்டாம், சாதாரண உடனடிக் காபித்தூள் ஒரு கரண்டியைக் கொஞ்சம் வெந்நீரில் கெட்டியாகக் கரைத்து அதில் விடு, கோகோவோடு சேரும்போது விலை உயர்ந்த தூளுக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது. அதன் மேல் சூடான பால் முக்கால் கோப்பை ஊற்றினால் போதும், மாதக் கடைசி என்றால் பாதிப் பால் பாதித் தண்ணீர், கோகோவே அதைக் கெட்டியாகக் காட்டிவிடும். நுரை வேண்டுமென்றால் மெஷின் ஒன்றும் வாங்காதே, இறுக்கமான மூடி உள்ள பாட்டிலில் பாதி அளவுக்குப் பாலை ஊற்றிக் குலுக்கு, ஆனால் கொதிக்கக் கொதிக்க ஊற்றாதே, மூடி பிய்த்துக்கொண்டு முகத்தில் அடிக்கும், என் இடது புருவம் சாட்சி. கோகோ, சர்க்கரை, உப்பு மூன்றையும் ஞாயிற்றுக்கிழமை ஒரு டப்பாவில் வாரத்துக்கும் கலந்து வைத்துக்கொண்டால் காலையில் அஞ்சு நிமிஷ வேலை. வெறும் வயிற்றில் குடிக்காதே, ஒரு முட்டையாவது சாப்பிட்டுவிட்டுக் குடி.

உன்னிடம் மறைத்தது தப்புதான். விடுப்பு போட்டுவிட்டு ஓடிவருவாய், புது வேலை போய்விடும் என்று அம்மா பயந்தாள், அவள் பேச்சை நான் கேட்டேன். இனிமேல் எங்களில் யாருக்குத் தும்மல் வந்தாலும் உனக்குத் தகவல் வரும். நீயும் அப்படியே நடந்துகொள், அங்கே காய்ச்சலில் படுத்துக்கொண்டு இங்கே நன்றாக இருக்கிறேன் என்று சொல்கிற வேலை வேண்டாம். எங்கள் இரண்டு பேர் ஆசியும் எப்போதும் உனக்கு உண்டு, நீ எடுத்த காரியமெல்லாம் ஜெயமாக வரும், தைரியமாக இரு.

ஒன்று மறந்துவிட்டேன், மறந்தால் அம்மா என்னை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவாள். அடுத்த மாதம் உன் தோழி ஊருக்கு வருகிறாள் அல்லவா, அவளிடம் உன்னுடைய பழைய சட்டை ஒன்றைக் கொடுத்தனுப்பச் சொல்கிறாள். புதிது வேண்டாமாம், நீ இரண்டு நாள் போட்டதாக இருக்கவேண்டுமாம், துவைக்கக் கூடாதாம், நன்றாகக் கட்டி மூடின பையில் வைக்கவேண்டுமாம். அழுக்குச் சட்டை எதற்கு என்று விவரம் இல்லாமல் கேட்டுவிட்டேன், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நீ அனுப்பிவிடு.

என்றும் உன் அன்பு அப்பா.