பின்னறையில் ஓடும் உங்கள் மெஷின்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அத்தை எழுதுகிறேன். நலமா என்று கேட்டால் "நல்லா இருக்கேன் அத்தை" என்று ஒரே வரியில் முடித்துவிடுவீர்கள். அதனால் அதைக் கேட்காமலே தொடங்குகிறேன். இதைப் போனிலேயே சொல்லலாமே என்றாள் மகள். போனில் நான் பாதி சொல்வதற்குள் "சரி அத்தை, வேலை இருக்கு" என்று வைத்துவிடுவீர்கள். கடிதத்தில் அந்த வசதி இல்லை.

போன வருடம் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள், மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவ வந்தபோது என்னிடம் ஒன்று கேட்டீர்கள். "அத்தை, விடை தப்பா வந்தா ஸ்டெப்புக்கு மார்க் போடுவீங்களா?" நான் குக்கர் மூடியின் ரப்பரைத் தேடிக்கொண்டிருந்தேன். திரும்பிக்கூடப் பார்க்காமல், "அது திருத்துறவங்க மனசைப் பொறுத்தது" என்றேன். முப்பத்தொரு வருடம் கணக்குப் பாடம் எடுத்தவள் சொல்கிற பதிலா அது?

அதற்குக் கொஞ்ச நேரம் முன்புதான் சாப்பாட்டு மேஜையில் உங்கள் மாமா, "விடையே வராத கணக்கை எத்தனை தடவை போட்டு என்ன மாப்பிள்ளை?" என்று சொல்லியிருந்தார். ஷெட்டைக் காலி செய்து, பிட்காயின் எடுக்கும் பத்து மெஷின்களில் ஒன்பதை விற்றுவிட்டு, மிச்சமிருந்த ஒன்றைப் பெட்டியில் கட்டிக்கொண்டு வந்த மனிதரிடம் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. பெட்டியைப் பின்னறையில் வைத்துவிட்டு மறுநாள் வெளியூரில் அந்தக் கிடங்கு வேலைக்குப் போய்விட்டீர்கள். பதினாலு மாதமாக மகள்தான் இங்கிருந்து உங்களைப் பார்க்க வருகிறாள். நீங்கள் இந்த வீட்டு வாசல் பக்கம் வரவில்லை. நீங்கள் கேட்டது எதைப் பற்றி என்று எனக்குப் புரிய இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது. என் பதிலைத் திருத்தத்தான் இந்தக் கடிதம்.

முதலில் நன்றி சொல்லிவிடுகிறேன். உங்கள் மெஷின் எங்கள் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஓய்வு பெற்ற பிறகு மாமா எப்படி இருந்தார் என்று பார்த்தீர்கள். தொழிற்சாலை முழுவதற்கும் மின்சாரம் பார்த்த மனிதர், வீட்டில் நல்ல பல்பைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டிருந்தார். மழைக்காலத்தில் பின்னறைச் சுவர் ஈரம் கோத்தது. பெட்டிக்குள்ளும் ஈரம் இறங்கியிருக்குமோ என்று ஒரு நாள் திறந்து பார்த்தார். திறந்தவர் வெளியே வரவே இல்லை. என்ன ஆயிற்று என்று போய்ப் பார்த்தால் தரையில் உட்கார்ந்திருக்கிறார். எதிரே நீங்கள் கட்டிவைத்த ஒயர்கள். ஒவ்வொன்றின் நுனியிலும் காகிதச் சீட்டு, எது எங்கே போகிறது என்று எழுதியது. கழற்றின திருகாணிகள் அளவு வாரியாகச் சின்னச் சின்னப் பொட்டலங்களில். விசிறி இறக்கைகளில் ஒரு துளி தூசி இல்லை. தொழிலை மூடின துக்கத்தில் இருக்கிறவன் இதையெல்லாமா செய்வான்?

மாமா ஒரு சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "இது வேலைக்காரன் கட்டின கட்டு" என்றார். அவர் அகராதியில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது. என்னை அப்படி ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

மறுநாளே வேலை தொடங்கியது. பின்னறைக்கு மெயின் போர்டிலிருந்து தனி லைன் இழுத்தார். அதற்குத் தனி பிரேக்கர், தனி பிளக். ஜன்னலில் ஒரு சட்டம் அடித்துத் தகரக் குழாய் வைத்தார், சூடு வெளியே போக. இணையக் கேபிளைக் கூடத்திலிருந்து சுவரோரமாகக் கொண்டுவந்தார். முதல் தடவை ஓட்டியபோது கீழ் வீட்டுத் தையல்காரம்மா மூச்சிரைக்க ஏறி வந்தார். "என்னக்கா, மொட்டை மாடியில பிளேன் எறங்குதா?" மாமா காது மெஷினைக் கழற்றி வைத்துவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். கழற்றி வைக்க எங்களிடம் என்ன இருக்கிறது? கடைசியில் தையல்காரம்மாவே தன் தையல் மெஷினுக்கு அடியில் போட்டிருந்த தடித்த ரப்பர் பாயைக் கொடுத்தார். அதன் மேல் வைத்த பிறகு பாதிச் சத்தம் அடங்கியது. பதிலுக்கு அவருடைய ஈரத் துணிகள் எங்கள் பின்னறையில் காய்கின்றன, குழாய்க்கு எட்டாத கொடியில். காலையில் துவைத்துப் போட்டால் மத்தியானம் மடித்து வைக்கலாம். துணி காயும் நேரம்தான் மெஷின் ஓடும் நேரமும். சாயங்காலம் நிறுத்திவிடுவோம்.

அடுத்தது பூலில் சேர்கிற கதை. உங்களுக்குத் தெரிந்ததை உங்களுக்கே சொல்கிறேன். நான் புரிந்துகொண்டது சரியா என்று நீங்கள் திருத்த வேண்டும்.

எண் பூட்டுப் போட்ட ஒரு பெட்டி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எண்ணை யோசித்துக் கண்டுபிடிக்க வழியில்லை, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கத்தான் வேண்டும். முதலில் திறக்கிறவருக்குப் பிட்காயின் பரிசு. உலகம் முழுக்க லட்சக்கணக்கான பேர் திருகிக்கொண்டிருக்கும்போது தனி ஆளுக்கு எப்போது கிடைக்கும்? பூல் என்பது ஒரு வகுப்பே சேர்ந்து திருகுவது. யார் திறந்தாலும் உழைப்புக்குத் தக்கபடி எல்லாருக்கும் பங்கு. ஒருவர் உண்மையில் திருகினாரா, தூங்கினாரா என்று எப்படித் தெரியும்? இதைத்தான் நான் மகளிடம் கேட்டேன். விடைக்குக் கொஞ்சம் கிட்டே வந்த முயற்சிகளை மெஷின் அனுப்பிக்கொண்டே இருக்குமாம். பெட்டி திறக்காவிட்டாலும் அதைப் பூல் கணக்கில் எடுத்துக்கொள்ளுமாம். "ஸ்டெப் மார்க் மாதிரிம்மா" என்றாள் அவள்.

கையிலிருந்த டம்ளரை வைத்துவிட்டேன் மாப்பிள்ளை.

உங்கள் பழைய அமைப்புகள் மெஷினில் அப்படியே இருந்தன. பத்து மெஷினையும் எந்தப் பூலிலும் சேர்க்காமல் தனியாகவே ஓட்டியிருக்கிறீர்கள். பதினோரு மாதம். பரிசு விழுந்தால் முழுசாக விழட்டும், கொண்டுவந்து மாமா முன்னால் வைக்கலாம் என்று நினைத்தீர்களாம், மகள் சொன்னாள். மாமாவும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். எழுந்துபோய்ப் பிரேக்கரைத் துடைத்தார்.

ஒரு வேலை நாளில், மகள் அலுவலகம் போன பிறகு, நாங்கள் இரண்டு பேருமே உட்கார்ந்து பூலில் சேர்த்தோம். நான் படிக்க, அவர் ஒற்றை விரலால் தட்டினார். பூலின் முகவரி, அதன் கடைசியில் நாலு எண். பாஸ்வேர்டு என்ற இடத்தில் எதை வேண்டுமானாலும் போடலாம் என்று மகள் எழுதிவைத்திருந்தாள். எதை எழுதினாலும் சரி என்கிற கேள்வியை என் வாழ்நாளில் பார்த்ததில்லை, மனம் ஒப்பவில்லை. கடைசியில் ஒரு எக்ஸ் போட்டோம். மெஷினுக்கு ஒரு பெயரும் கேட்டது. எந்த மோட்டார் எங்கே இருக்கிறதோ அந்த இடத்தின் பெயரைப் பலகையில் எழுதுவது மாமாவின் தொழிற்சாலை வழக்கம். "பின்னறை" என்று போட்டார்.

பயனர் என்ற இடத்தில்தான் தவறு நடந்தது. மகள் தன் போனில் அப்பாவுக்கென்று பிட்காயின் வந்து சேரப் புதிதாக ஒரு வாலட் திறந்து, அதன் முகவரியைச் சீட்டில் எழுதி டிவி மேல் வைத்திருந்தாள். அந்த முகவரியைத்தான் போட்டிருக்க வேண்டும். மாமா உங்கள் பெட்டி மூடியின் உள்பக்கம் நீங்கள் மார்க்கரில் எழுதியிருந்த நீள வரியைக் காட்டி, "மெஷின் மேல என்ன நம்பர் இருக்கோ அதைத்தான் பதியணும், துண்டுச் சீட்டை எவன் நம்புவான்?" என்றார். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. நாற்பத்திரண்டு எழுத்து. டிக்டேஷன் போல ஒவ்வொன்றாகச் சொல்லி, மூன்று முறை சரிபார்த்தேன். ஒரு எழுத்துப் பிழை இல்லை. ஆள்தான் வேறு.

திரையில் ஏற்கப்பட்ட முயற்சிகள் என்ற இடத்தில் எண் ஏறத் தொடங்கியதும் இரண்டு பேரும் நாற்காலி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். தள்ளப்பட்டவை மிகச் சில. என் வகுப்பில் இப்படி ஒரு நாள் இருந்ததில்லை.

நாற்பது நாள் கழித்து மகள் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தாள். "ஐயோ அப்பா, எல்லாம் அவருக்குல்ல போகுது. அது அவரோட பழைய அட்ரஸ்." கையில் வந்து சேரும் அளவுக்கு இன்னும் சேரவில்லை, அதனால் உங்களுக்கும் தெரிந்திருக்காது. மாற்றிவிடட்டுமா என்று கேட்டாள். மாமா, "மெஷின் யாரோடது?" என்றார். "அவரோடது." "அப்புறம் என்ன?" அவ்வளவுதான். மறுநாள் நான் பார்த்தபோது "பின்னறை" என்ற பெயரை அடித்துவிட்டு "மாப்பிள்ளை" என்று மாற்றியிருந்தார். ஒரு எழுத்தைக் கோட்டைவிட்டிருந்தார். நான் திருத்தவில்லை.

இதில் பெரிதாக எதுவும் வந்துவிடாது என்று அவருக்குத் தெரியும். கரண்ட் பில்லுக்கும் இதற்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. ஆனால் காலையில் எழுந்ததும் சட்டை மாட்டிக்கொண்டு பின்னறைக்குப் போகிறார். வேலைக்குப் போகிற மனிதரின் நடை திரும்பி வந்திருக்கிறது. சாப்பிடும்போது பேசுகிறார். சூடு எத்தனை டிகிரி, விசிறி எத்தனை சுற்று என்று எனக்கும் பாடம் நடக்கிறது. இந்த ஒரு வருடத்தில் எங்களுக்குக் கிடைத்த நல்லது இதுதான், அது நீங்கள் கட்டிவைத்த பெட்டியிலிருந்து வந்தது. அதற்காக என்றும் உங்களுக்கு நன்றியுள்ளவளாக இருப்பேன்.

இனி ஒரு கவலை. போன செவ்வாய்க்கிழமை முதல் மெஷினுக்குள் இருக்கும் மூன்று போர்டில் ஒன்று ஓடவில்லை. வேகம் மூன்றில் இரண்டு பங்காகிவிட்டது. நாற்பது வருடம் மோட்டார் பிரித்தவருக்கு இதைத் திறந்து பார்க்கத் தெரியாதா? தொட மாட்டேன் என்கிறார். ரிப்பேர்காரரைக் கூப்பிடட்டுமா என்றேன். "அவர் கட்டினதை இன்னொருத்தன் எதுக்கு அவுக்கணும்? அவரே வரட்டும்" என்றார். சொல்லிவிட்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அன்று மேஜையில் சொன்னதை இவர் வாயால் திரும்ப எடுக்க மாட்டார் மாப்பிள்ளை. அந்த வார்த்தைகள் இவரிடம் இல்லை. பிளக், பிரேக்கர், குழாய், ரப்பர் பாய் என்று இவரிடம் இருப்பதையெல்லாம் வைத்துச் சொல்லிப் பார்த்துவிட்டார்.

உங்கள் கேள்விக்கு என் பதில்: போடுவேன். ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் போடுவேன். முப்பத்தொரு வருடமும் போட்டிருக்கிறேன். விடை மட்டும் எழுதி வழியைக் காட்டாதவர்களுக்குத்தான் குறைத்திருக்கிறேன். நீங்கள் எதையும் கொண்டுவந்து காட்டிவிட்டுத்தான் இந்த வீட்டுக்குள் வர வேண்டும் என்பதில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கிடங்கில் கனமான பெட்டிகளைத் தனியாகத் தூக்காதீர்கள். நீங்களும் மகளும் ஒரே கூரையின் கீழ் நிறைவாக இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

ஒன்று மட்டும் செய்து பாருங்கள். நாளைப் பகல், சாப்பாட்டு இடைவேளையில், பூலின் பக்கத்தைத் திறந்து உங்கள் பழைய முகவரியைப் போடுங்கள். உங்கள் பெயரில் ஒரே ஒரு வரி இருக்கும். மெஷினின் வேகத்தைக் காட்டும் கோடு செவ்வாய்க்கிழமை எங்கே இறங்கியிருக்கிறது என்று பார்த்துவிட்டு, மாமாவுக்குப் போன் போட்டு, "மூணாவது போர்டுக்கு என்ன ஆச்சு?" என்று கேளுங்கள். மெஷின் பக்கத்தில்தான் இருப்பார், முதல் தடவை காதில் விழாது. இன்னொரு தடவை கேளுங்கள்.

என்றும் உங்கள் நலம் விரும்பும்,
அத்தை