துணிக்கு வைத்த வெந்நீர்

அம்மாவுக்கு உன் சின்னவன் எழுதுவது. முட்டி வலி எப்படி இருக்கிறது? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

இந்த ஹோட்டல் சலவைக்கூடத்தில் துணிக்கெல்லாம் ராஜ மரியாதை. படுக்கை விரிப்புக்கு நல்ல சூடு, கலர் துணிக்கு வெதுவெதுப்பு, கம்பளிக்குப் பச்சைத் தண்ணீர். மாற்றிப் போட்டால் சுருங்கும், சாயம் போகும். நாங்கள் தங்கும் அறைக்குத்தான் எந்தக் கணக்கும் கிடையாது. உறைகிற குளிரிலும் குழாயில் ஐஸ் தண்ணீர்தான்.

போன வாரம் எங்கள் அறையில் இருக்கும் இஸ்திரி போடும் அண்ணன் ஒருவருக்குக் காய்ச்சல். உடம்பு துடைத்துவிடலாம் என்று சலவைக்கூடத்தில் ஒரு வாளி வெந்நீர் பிடித்தேன். சூப்பர்வைசர் பார்த்துவிட்டார்.

"டேய், அது துணிக்குடா."

"அண்ணனையும் ஒரு துணின்னு நெனச்சுக்குங்க சார். எத்தன டிகிரின்னு மட்டும் சொல்லுங்க."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. வாளியைக் காலால் தள்ளிக் கவிழ்த்தார்.

மறுநாள் காலை ஒருவரும் மெஷினைப் போடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். மதியத்துக்குள் அறைக்கு ஹீட்டர் வந்துவிட்டது. அண்ணன் நன்றாகக் குளித்தார், காய்ச்சலும் விட்டுவிட்டது.

என்னை மட்டும் ஆபீசுக்குக் கூப்பிட்டுப் பேர், பாஸ்போர்ட் நம்பர் எல்லாம் எழுதிக்கொண்டார்கள். பெரிதாக ஒன்றுமில்லை. மாமாவின் ஒர்க்ஷாப்பில் ஆள் தேவைப்படுமா என்று சும்மா கேட்டு வை. அடுத்த தடவை போன் பண்ணும்போது சீக்கிரம் வைத்துவிடாதே, அடுப்பில் என்ன இருக்கிறது என்றாவது சொல்லிக்கொண்டிரு.

ஷிப்ட் மணி அடிக்கிறது. அப்பாவுக்கு ஹீட்டர் வந்த வரைக்கும் படித்துக் காட்டினால் போதும்.