கூப்பிட ஒரு சொல்

ஜூன் 3
கல்யாணமாகி ஒரு மாதம். மனைவியின் மகளுக்கு என்னைக் கூப்பிடச் சொல் கிடைக்கவில்லை. வயது பதினாறு, வாய்க்கு மட்டும் முப்பது. ‘அப்பா’ சுவரில் படமாக இருப்பவருக்குச் சொந்தம். அதை நான் கேட்கவும் மாட்டேன். “சித்தப்பான்னு கூப்பிடேன்டி” என்றாள் மனைவி. “எங்கப்பாவுக்குத் தம்பியே கிடையாதேம்மா.” அங்கிள்? “தண்ணி கேன் போடுறவரும் அங்கிள்தான்.” நியாயம்தானே!

ஜூன் 9
கெட்டிக்காரி. ஆளே இல்லாமல் வாக்கியம் பேசுகிறாள். “காபி ஆறுது.” “ஃபேனை நிறுத்தலாம்.” “செருப்பை வெளிய விடணும்.” யார் செருப்பு, யார் விடணும் — மூச்! தமிழில் இவ்வளவு வசதி இருப்பது நாற்பத்தேழு வயதில்தான் எனக்குத் தெரிகிறது.

ஜூன் 10
வானிலை அறிக்கை: இன்றும் காபி ஆறியது.

ஜூன் 17
லிப்ட் பழுதுபார்ப்பவன் நான். எங்கள் தொழிலில் பேரில்லாத பாகமே கிடையாது. நகக்கண் அளவு ஸ்குரூவுக்கும் நம்பர் உண்டு. பேரில்லாதது தொலைந்தால் யாரும் தேட மாட்டார்கள். அப்போ நான்—? சே, என்ன நினைப்பு இது.

ஜூன் 26
சமையலறையிலிருந்து “ஹலோ!” போனில் பேசுகிறாள் என்று சும்மா இருந்தேன். “ஹலோ, ஹலோ! மேல் தட்டு எட்டல!” அட, நான்தானா! ஓடினேன்.

ஜூலை 8
மனைவிக்கும் தொற்றிக்கொண்டது. “ஹலோ சாப்பிட்டாரா?” என்று அவளிடம் விசாரிக்கிறாள். இப்போது தெருவில் யார் போனை எடுத்தாலும் நான் திரும்பிப் பார்க்கிறேன்.

ஜூலை 19
அவள் பள்ளித் தோழி வந்திருந்தாள். யாரென்று ஜாடையில் கேட்டிருப்பாள் போல. “எங்க ஹலோ” என்றாள் இவள்.
எங்க! அதை வைத்தே நாள் முழுக்க ஓட்டினேன்.

ஆகஸ்ட் 2
அடுக்குமாடி ஒன்றில் லிப்ட் பாதியில் நின்றுவிட்டது. மெஷின் ரூமில் வேலை இழுத்துக்கொண்டே போனது, போனும் செத்துவிட்டது. ஐந்துக்கு வரவேண்டியவன் ஏழரைக்கு வந்தேன். வாசலிலேயே நின்றிருந்தாள், முகம் வெளுத்து. அவள் அப்பாவும் அப்படி ஒருநாள் வேலைக்குப் போனவர்தான், திரும்பவில்லை.
“எங்க போன நீ? ஒரு போன் பண்ணத் தெரியாதா உனக்கு? அம்மாவும் ஊர்ல இல்ல, நான் யார்கிட்ட போய்க் கேப்பேன்?”
நீ. உனக்கு. இதுவரை ‘நீங்க’கூடச் சொல்லாதவள்! அவள் கவனிக்கவே இல்லை. நானும் காட்டிக்கொள்ளவில்லை. தலையைக் குனிந்து திட்டு முழுவதையும் வாங்கிக்கொண்டேன், ஒரு சொல் சிந்தாமல்.
“என்ன சிரிப்பு? போ, கை கால் கழுவிட்டு வா.”

ஆகஸ்ட் 9
காலையில் குளியலறைக்கு யார் முதலில் என்று எனக்கும் என் மகளுக்கும் சண்டை. தோற்றேன். வேலைக்கு லேட்.