வெனிஸ் படியில் சோறு

பெப்ரவரி 8, ஞாயிறு
பூசை முடிந்து மண்டபத்தில் தேநீர். என் மேசைக்கு ஒருவரும் வரவில்லை. போன ஜூன் மாதக் கோபம் இன்னும் ஆறவில்லை. யாத்திரைக் குழுவை நடத்தும் எமில்டா, என் மனைவி கிளடிசைத் தனியாகக் கூட்டிப்போய்க் கதைத்தாள். இந்த ஜூனிலும் இத்தாலிப் பயணமாம். கிளடிஸ் அதை எனக்குச் சொல்லவில்லை. பக்கத்து மேசை மாக்கஸ் எனக்குக் கேட்கவேண்டுமென்றே சொன்னான்:
"இந்தமுறை வெனிசில இறங்கிறேல்லயாம். இறங்கினா ஆரும் படியில பந்தி விரிச்சுப்போடுவினம்."
சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

பெப்ரவரி 11
நடந்ததை நேராக எழுதி வைக்கிறேன். வெனிஸ் வாய்க்கால்களின் ஊர். உள்ளே கால் வைக்கவே கட்டணம். எனக்குச் சீனி வருத்தம், நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். எங்கள் ஆட்கள் விடுதி அறையில் றைஸ் குக்கரில் சமைத்துக் கட்டிய சோற்றுப் பார்சல் கையில் இருந்தது. சதுக்கத்துப் படியில் இருந்துகொண்டு அவிழ்த்தேன். காவலுக்கு நின்ற பெண் எழும்பச் சொன்னாள். அங்கே இருந்து சாப்பிடக் கூடாதாம். வேறு எங்கே இருப்பது? உட்கார ஒரு வாங்குகூட இல்லை. எழும்பவில்லை. பொலிஸ் வந்தது. பத்திரிகை படித்து நானே பழகிய ஆங்கிலத்தில் சட்டத்தைக் காட்டச் சொன்னேன். காட்டினார்கள், இத்தாலி மொழியில். எனக்காக எல்லாரும் காத்து நிற்க, பஸ்ஸுக்குத் திரும்பும் படகு போய்விட்டது. பாதுவாவுக்குப் போய்ச் சேர, அந்தோனியார் கோயில் பூட்டு.

மற்றவர்களுக்கு அது ஒரு கோயில். கிளடிசுக்கு நேர்த்தி. மகள் ஜெசிகாவின் பிள்ளை குறைமாதத்தில் பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தபோது வைத்தது — தப்பினால் அந்தோனியார் கல்லறையில் கை வைத்து நன்றி சொல்வேன் என்று. பூட்டிய கதவில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.
கதவைப் பூட்டினது நானா?

மார்ச் 1
யாத்திரைக்குப் பெயர் கொடுக்க எமில்டாவிடம் போனேன்.
"முதல்ல எல்லாருக்கும் முன்னால ஒரு சொறி சொல்லுங்கோ அங்கிள்."
எதுக்கு மன்னிப்பு? பசிச்சதுக்கோ?

மார்ச் 2
கிளடிஸ் சமைத்து மூடி வைத்துவிட்டுப் படுத்துவிட்டாள்.

மார்ச் 15
அஜின்கோர்ட்டில் எமில்டா வீட்டுக்குப் போனேன். வெனிசில் நிறுத்தினாலும் நான் பஸ்ஸை விட்டே இறங்கமாட்டேன், பாதுவாவில் மட்டும் இறங்குகிறேன் என்றேன். அதற்குமேல் என்னால் விட்டுக்கொடுக்க ஏலாது.
அவள் பெயர்ப் பட்டியலை மூடி வைத்தாள்.
"அங்கிள், சொறியும் வேண்டாம். நீங்கள் சொல்லமாட்டீங்கள் எண்டு தெரிஞ்சுதான் கேட்டனான். உங்கட பேரைப் போடவேண்டாம் எண்டது கிளடிஸ் அன்ரி."

மார்ச் 16
கேட்டேன். கிளடிஸ் ரொட்டிக்கு மா குழைத்தபடியே சொன்னாள்:
"நீங்கள் வந்தா நான் உங்களைத்தான் பாத்துக்கொண்டு நிக்கவேணும். எனக்கு அந்தோனியாரைப் பாக்கவேணும்."
இவ்வளவு காலம் குடும்பம் நடத்தி — என்ன எழுதுகிறது.

ஜூன் 9
பியர்சன் விமான நிலையத்துக்குக் கிளடிசை நானே கூட்டிப்போனேன். பெட்டியை இறக்கிக் கொடுத்துவிட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தேன். மஞ்சள் அங்கிக்காரன் ஒருவன் வந்து, இங்கே நிறுத்தக்கூடாது, காரை எடு என்றான். முன்னாலும் பின்னாலும் கார்கள் நின்றன. அவற்றுக்கு அவன் ஒன்றும் சொல்லவில்லை. கிளடிஸ் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.
சட்டம் கேட்காமல் காரை எடுத்துவிட்டேன்.
வளைவு வரை கண்ணாடியில் பார்த்தேன். அவள் இன்னும் உள்ளே போகவில்லை.