வரிசை மாறிய பதக்கங்கள்

ஏலே மக்கா,

கருங்கல் சர்ச்சில், உன் கல்யாணத்தன்று, மணப்பெண்ணைவிட உன் வெள்ளைச் சீருடையைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். "பெட்டி ஆபீசருண்ணா தனி எடுப்புதான்" என்றாள் என் மனைவி. உன் சட்டைக் கையில் அந்தப் பதவியைக் குறிக்கும் இரட்டை நங்கூரத்தைக் காட்டி, "உங்களுக்கு மட்டும் எதுக்கு ஒண்ணு?" என்று கேட்டாள். நாம் இருவரும் ஒரே நாளில் நேவியில் சேர்ந்தது அவளுக்குத் தெரியும்.

உன் பதக்கங்களை வரிசை மாற்றிக் குத்தியிருந்தாய்; நேவிக்காரன் கண்ணில் பட்டால் கேலிதான். அதைக் காதோடு சொல்லத்தான் மேடைக்கு வந்தேன். கப்பலில் பெட்டி ஆபீசரைச் சுருக்கிக் கூப்பிடுகிற பழக்கத்தில் "வாழ்த்துகள், பி.ஓ." என்று வந்துவிட்டது. "ஏலே, இஞ்சயும் பி.ஓ.வா?" என்று சிரிப்பாய் என நினைத்தேன். நீ தலையை மட்டும் அசைத்தாய்.

நானும் பதக்க விஷயத்தைச் சொல்லாமலே இறங்கி வந்துவிட்டேன்.

கல்யாண ஆல்பத்தைக் கட்டாயம் கப்பலுக்குக் கொண்டு வா. எல்லோரும் பார்க்கட்டும்.

உன்,
ஒற்றை நங்கூரம்