சொல்லாமல் விட்ட இரண்டாம் பக்கம்

ஒக்டோபர் 9

கொட்டகலைக் கோயில் மண்டபத்துக்கு வந்து பன்னிரண்டு நாள். எங்கள் லயத்துக்கு, அந்தத் தோட்ட வரிசை வீடுகளுக்குப் பின்னால் மலைச்சரிவு நீளமாக வெடித்ததால் எங்கள் பதினொரு குடும்பத்தையும் இறக்கிவிட்டார்கள். சிமெந்துத் தரையில் படுத்தால் என் மனைவி ராக்காயிக்கு முழங்கால் மடங்காது. மகள் லோஜினி அவளைத் தலவாக்கலைக்குக் கூட்டிப் போய்விட்டாள்.

நாற்பத்து மூன்று வருடம் லயத்தில் ஒரே அறை, ஒரே காம்பரா. வெளியே கிளம்பும்போது பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பேன். நான்காம் முறை கை போகும்போது அவள் சொல்வாள்: "பூட்டியாச்சுங்க, வாங்க." இங்கே பூட்டும் இல்லை, சொல்ல ஆளும் இல்லை. சாவி மட்டும் சட்டைப்பையில் கிடக்கிறது.

ஒக்டோபர் 12

மண்ணைச் சோதித்தவர்களின் அறிக்கை வந்தது. இரண்டு பக்கம், ஆங்கிலம். தோட்ட ஆபீசில் முப்பது வருடம் கிளாக்கராக இருந்தவன் என்று வழக்கம்போல என்னிடமே கொண்டு வந்தார்கள். 'ஹசார்ட் – மொடரேட்' என்றிருந்தது. அகராதியையும் பார்த்துவிட்டு, ஆபத்து நடுத்தரம் என்றேன்.

பக்கத்துக் காம்பரா பொன்னையா கேட்டான்: "அப்ப பெரிசா ஒண்ணும் இல்ல. போயிறலாம்ல, கிளாக்கரையா?"

ஆமென்று சொல்லவில்லை. இல்லையென்றும் சொல்லவில்லை.

ஒக்டோபர் 13

பொன்னையா குடும்பமும் இன்னும் இரண்டு குடும்பமும் ஆடு, சட்டிபானையோடு மேலே போய்விட்டார்கள். நாமும் போய்விடலாம் என்று ராக்காயியிடம் போனில் சொன்னேன். "நீங்க சொன்னா சரிதாங்க. ஞாயித்துக்கிழமை வந்துர்றேன்." அவள் குரலில் இருந்த சந்தோஷம் –

ஒக்டோபர் 14

எழுதிவிடுகிறேன். இரண்டாம் பக்கத்தையும் அன்றே வாசித்தேன். அங்கே வேறு சொல்: 'ரிஸ்க் – ஹை'.

ஹசார்ட் மலையினுடையது. கீழே யார் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது அப்படியேதான் இருக்கும். ரிஸ்க் எங்களுடையது. கீழே ஆள் படுத்தால்தான் உண்டு. எங்கள் லயத்துக்கு அது அதிகம் என்று தெளிவாகவே எழுதியிருந்தது.

முதல் பக்கத்தோடு ஏன் நிறுத்தினேன்? யாரும் கேட்கவில்லை என்பது ஒரு பதிலா?

ஒக்டோபர் 15

காலையிலிருந்து மழை.

ஒக்டோபர் 16

மழை விடவில்லை. குடையோடு மேலே ஏறினேன். பொன்னையா வீட்டு இஸ்தோப்புத் திண்ணையில் மூன்று குடும்பத்தையும் கூப்பிட்டு, இரண்டாம் பக்கத்தைத் தமிழில் சொன்னேன்.

"இத ஏன் அன்னைக்கே சொல்லல?" என்றான் பொன்னையா.

"வீட்டுக்கு வரணும்னு ஆசையா இருந்துச்சுப்பா."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் மனைவி மீனம்மா அடுப்பிலிருந்து சட்டியை இறக்கினாள். "எங்களுக்கு மட்டும் இல்லாமலா இருந்துச்சு" என்றாள். இருட்டுமுன் எல்லோரும் இறங்கிவிட்டோம்.

ராக்காயியிடம் வர வேண்டாம் என்றேன். மருந்து குடித்தீர்களா என்று மட்டும் கேட்டாள்.

நவம்பர் 2

மலை இன்னும் நிற்கிறது. "கிளாக்கரையாவுக்குப் பயந்து நிக்கிது" என்று பொன்னையா மண்டபத்தையே சிரிக்க வைக்கிறான். என்னோடு பேசுகிறானே, போதும். வேறிடத்தில் காணி தருவார்களாம். எப்போது என்று தெரியாது. பழைய லயத்தில் குடியிருக்க இனி யாரும் போவதில்லை.

நவம்பர் 9

நான்கு நாளாக நல்ல வெயில். ராக்காயி வந்தாள். நம் கட்டிலை மண்டபத்துக்குக் கொண்டுவந்து போட்டால் அவளும் இங்கேயே இருக்கலாமே என்றாள். இத்தனை நாள் எனக்கு ஏன் இது தோன்றவில்லை?

மெதுவாக மேலே போனோம். கட்டிலைப் பொன்னையாவும் மீனம்மாவும் முன்னால் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். உள்ளே ஒன்றும் மிச்சமில்லை. ஆனாலும் பூட்டினேன். மூன்று முறை இழுத்துப் பார்த்தேன். நான்காம் முறையும் இழுத்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு அவளே ஒரு முறை இழுத்துப் பார்த்தாள்.