வீட்டுக்காவல்

ஜனவரி 24, சனி
கொழுந்தனார் மகளுக்கு நாளை ராமேஸ்வரத்தில் கல்யாணம். மகன் தங்கப்பாண்டி, மருமகள் சத்யப்பிரியா, பிள்ளைகள் எல்லோரும் மத்தியானமே காரில் கிளம்பிவிட்டார்கள். நான் போகவில்லை. "ஒனக்குக் கால் வலிக்கும்மா. வீட்டுக்கும் ஆளு வேணும்ல" என்றான். கால் வலிக்கிறது என்று நான் எப்போது சொன்னேன்? கட்டிக்கொள்ளப் பச்சைப் பட்டுச்சேலையை எடுத்து வைத்திருந்தேன்.

சாயங்காலம் பக்கத்து வீட்டு ஹுமைரா வந்தாள். என் வயதுதான். பிள்ளைகள் துபாயில், தினமும் போனில் முகம் காட்டுவார்கள், ஊருக்கு வருவதில்லை. "எந்திரிடி லெட்சுமி, நாளைக்குக் காரங்காடு போவோம். போட்டுல ஏறணும்னு ரொம்ப நாள் ஆசை."
"வீடு?"
"அது எங்க ஓடிப்போகுது?"

ஜனவரி 25, ஞாயிறு
போனோம்! பட்டுச்சேலையோடு போட்டில் ஏறியவள் நான் ஒருத்திதான். ஹுமைராவுக்கு லைஃப் ஜாக்கெட் கொக்கி மாட்டவே இல்லை. சிரித்துச் சிரித்து விலா பிடித்துக்கொண்டது. அலையாத்திக் காட்டுக்குள் நுழைந்ததும் கொக்குக் கூட்டம் மொத்தமாக எழும்பியது. "யா அல்லாஹ்!" என்று என் கையைப் பிடித்தவள் கரை வரைக்கும் விடவில்லை.

திரும்பி வந்தால், பூட்டிய கேட்டுக்கு வெளியே எல்லோரும்.
"போன் வீட்டுக்குள்ள அடிக்குது! சொல்லிட்டுப் போகக் கூடாதா?" என்று பதறினான் தங்கப்பாண்டி.
எனக்கும் பொங்கிருச்சு. "வீட்டத்தான பாக்கச் சொன்ன? அது இங்கனதான் இருக்கு. ஆளத் தேடுறது இன்னைக்குத்தானா?"
கேட்டைத் திறந்துவிட்டேன்.

ஜனவரி 26
ஏன் அப்படிச் சொன்னேன் — சரியாகத்தான் சொன்னேன்.

ஜனவரி 28, புதன்
காலையில் தங்கப்பாண்டி என் கட்டிலில் வந்து உட்கார்ந்தான். "கல்யாணத்துல சித்தப்பா ஒன்னயத்தாம்மா கேட்டாரு. கால் வலின்னு பொய் சொன்னேன். வெக்கமாப் போச்சு."
தலையைத் தடவிக் கொடுத்தேன். வேறு என்ன செய்ய?
கொஞ்ச நேரம் கழித்து, "போட்டு எப்படி இருந்துச்சு?" என்றான். காபி ஆறிப்போகும்வரை சொன்னேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு
வாலிநோக்கத்தில் சத்யப்பிரியாவின் தம்பி வீட்டுக் கிரகப்பிரவேசம். "அத்த, ஞாயித்துக்கெழம ஒங்களுக்கு வேற சோலி இல்லயே?" என்று போன வாரமே கேட்டாள். ஹுமைராவைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னேன். அவளையும் கூப்பிட்டாள்.

காரில் எங்களுக்கு ஆளுக்கொரு ஜன்னல். இடம் பத்தாமல் தங்கப்பாண்டி பஸ்ஸில் வந்தான். வேர்த்து விறுவிறுத்து அவன் வந்து சேர்ந்தபோது பந்தி தொடங்கிவிட்டது. என் பக்கத்தில் இலை போட்டு இடம் பிடித்து வைத்திருந்தேன்.